திருப்பிப் போட்ட வாஷர்

குக்கர், கேஸ் அடுப்பு, டீக்கடை பாய்லர் என்று காற்றோ ஆவியோ தப்பிக்கிற எந்தச் சாமானைக் கொண்டுவந்தாலும் நான் முகம் சுளிக்காமல் வாங்கி வைப்பேன். பேகம்பூரில் சகாயராணி கடை எங்கே என்று கேட்டால் ஆட்டோக்காரர்களே கொண்டுவந்து இறக்கிவிடுவார்கள். ஆனால் போன தை மாசம் பக்ருன்னிசா அக்கா கட்டைப்பைக்குள் கைவிட்டு எடுத்து என் மேசை மேல் வைத்த சாமானைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. அது ஒரு பழைய ஹூக்கா.

"என்னக்கா இது?"

"உக்கா. எங்க மாமனாரோடது. அங்கிட்டும் இங்கிட்டும் காத்து போகுது. செத்த பாத்துக் குடு ராணி."

"புகை பிடிக்கிற சாமான நான் தொடமாட்டேன். நாளைக்குப் போலீஸ்காரன் வந்து கேட்டா நீங்களா வந்து பதில் சொல்வீங்க?"

"இது புகைக்கு இல்லடி" என்றார் அக்கா. "மோதினாரோட மூச்சுக்கு."

மோதினார் என்று அவர் சொன்னது தன் வீட்டுக்காரர் முகமது பாரூக்கை. என் கடையிலிருந்து மூன்றாவது கட்டடம் ஒரு சின்னப் பள்ளிவாசல். அங்கே பாங்கு சொல்லி ஆட்களைத் தொழுகைக்குக் கூப்பிடுகிறவர் அவர்தான். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் நான் கடை போட்ட முதல் வாரத்தில், ஒரு குக்கரின் ஒடுக்கைத் தட்டி எடுத்துக்கொண்டிருந்தபோது அவர் பாங்கு ஆரம்பித்துவிட்டார். நான் கவனிக்காமல் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறேன். தெருவே என்னைத் திரும்பிப் பார்த்தது. கூனிக்குறுகிப்போய் அவரிடம் நின்றேன். அவர் சிரித்தார். "நீ கடிகாரத்தப் பாத்துக்கிட்டா வேலை செய்ய முடியும்? ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி மைக்ல ஒரு தடவ கனைக்கிறேன். முடிஞ்சா நிறுத்து, முடியலன்னா தட்டு" என்றார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு மதியமும் ஒலிபெருக்கியில் முதலில் ஒரு 'க்கும்' வரும். நான் சுத்தியலைக் கீழே வைப்பேன். அவர் கூப்பிட்டு முடித்ததும் கையைக் கழுவிவிட்டுச் சோற்றுத் தூக்கைத் திறப்பேன். அந்தக் கனைப்பு எனக்காகத்தான் என்பது தெருவில் வேறு யாருக்கும் தெரியாது.

கார்த்திகையில் அவருக்கு நிமோனியா வந்தது. பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து, ஆள் பாதியாகத் திரும்பி வந்தார். நுரையீரலின் அடிப்பகுதி இன்னும் விரியவில்லை, மூச்சை இழுத்து இழுத்துத்தான் திறக்க வேண்டும் என்று சொல்லி, மூன்று பந்து போட்ட ஒரு பிளாஸ்டிக் கருவியைக் கொடுத்தனுப்பினார்கள். அதன் குழாயில் வாய் வைத்து இழுத்தால் பந்துகள் மேலே ஏற வேண்டும். மோதினார் நாலு நாள் இழுத்தார். ஒரு பந்துகூட எழும்பவில்லை. அதைத் தூக்கி ஜன்னலில் வைத்தவர் மறுபடி தொடவே இல்லை.

அவருக்குப் பதிலாக செல்போன் கடை அல் அமீன்தான் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தான். தங்கமான பையன், குரலும் நல்ல குரல். ஆனால் அவனுக்குக் கனைக்கத் தெரியாது. வாரத்தில் நாலு நாள் என் சுத்தியல் சத்தம் அவன் குரலோடு போய் மோதும், நான் நாக்கைக் கடித்துக்கொள்வேன்.

"நோன்பு வரைக்கும் காத்திருக்கோம்னு ஜமாத்துல சொல்லிட்டாக" என்றார் அக்கா. "அதுக்குள்ள அவருக்கு மூச்சு வரலைன்னா அல் அமீனையே வச்சுக்கிறதாப் பேச்சு. அவுகளச் சொல்லியும் குத்தமில்ல. இவருதான், ஒரு வரிய ஒரே மூச்சுல சொல்லத் தெரியாதவன் மைக்கத் தொடக்கூடாதுன்னு சொல்லிக்கிட்டுச் செவத்தப் பாத்துப் படுத்திருக்காரு. அம்புட்டுப் பேச்சுப் பேசுன மனுசன்."

"சரி, அதுக்கு உக்கா எதுக்கு?"

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அதுவரை கண்ணைத் துடைத்துக்கொண்டே பேசியவருக்கு எப்படித்தான் சிரிப்பு வந்ததோ.

"நேத்து அந்தப் பந்த இழுக்கச் சொன்னேன். 'இந்தப் பொம்மைய எல்லாம் என்னால இழுக்க முடியாது, வேணும்னா எங்க அத்தாவோட உக்காவக் கொண்டா, இழுக்குறேன்'னு கத்துனாரு. சொன்ன வாயி மூடுறதுக்குள்ள நான் பரண்ல ஏறிட்டேன்."

கோபத்தில் சொன்னதை அப்படியே பிடித்துக்கொள்கிற ஆள் அக்கா. நாற்பது வருஷக் குடித்தனத்தில் மோதினார் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது எத்தனை தடவையோ. ஆஸ்பத்திரியில் மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்த யுவராணி என்ற பெண்ணுக்கும் அக்கா போன் போட்டுக் கேட்டுவிட்டார். புகையிலையும் கங்கும் அந்தச் சாமான் பக்கமே வரக்கூடாது, கொதிக்க வைத்துக் கழுவ வேண்டும், குழாய் புதுசாக இருக்க வேண்டும், ஆறவைத்த தண்ணீரைத் தினமும் மாற்ற வேண்டும், மூச்சு வாங்கினால் உடனே நிறுத்த வேண்டும், பந்தையும் விட்டுவிடக்கூடாது என்று அவள் சொன்னாளாம். இத்தனையும் கேட்ட பிறகு நான் எப்படி முடியாது என்பேன்?

அதன் அமைப்பில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கீழே பித்தளைச் செம்பு, அதில் பாதிக்குத் தண்ணீர். செம்பின் கழுத்து வழியாக ஒரு தண்டு இறங்கித் தண்ணீருக்குள் முங்கி நிற்கும். பக்கவாட்டில் ஒரு மூக்கு, அதில் குழாய். குழாயில் வாய் வைத்து இழுத்தால் வெளிக்காற்று தண்டின் தலை வழியாக இறங்கி, தண்ணீரைக் கொப்பளித்துக்கொண்டு வாய்க்கு வரும். வேறு எங்காவது ஓட்டை இருந்தால் காற்று அந்தச் சுலபமான வழியில் நுழைந்துவிடும், தண்ணீர் அசையாது.

புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தேன். சோடா உப்புப் போட்டு மூன்று தடவை கொதிக்கவைத்தேன். மூக்கு செம்போடு சேரும் இடத்தில் மயிரிழை விரிசல் இருந்தது, அதைப் பற்றவைத்தேன். கழுத்துதான் பெரிய ஓட்டை. தண்டுக்கும் கழுத்துக்கும் நடுவே அந்தக் காலத்தில் துணியைச் சுற்றி வைத்திருந்தார்கள், அது மக்கிப் பொடியாக உதிர்ந்தது. ரப்பர் வளையம் எதுவும் அளவுக்கு நிற்கவில்லை. கடைசியில் என் தகர டப்பாவில் கிடந்த பம்பு ஸ்டவ் தோல் வாஷர் ஒன்றைத் தேடிப்பிடித்தேன். சின்னக் கிண்ணம் மாதிரிக் குழிந்த தோல். அதைத் தேங்காய் எண்ணெயில் ஊறவைத்துத் தண்டில் கோத்து இறக்கினேன். அளவெடுத்துச் செய்ததுபோலக் கழுத்தில் உட்கார்ந்தது.

அப்புறம் என் வழக்கமான சோதனை. தண்டின் தலையை அடைத்தேன், குழாயில் சைக்கிள் பம்பைச் சொருகிக் காற்றடித்தேன், இணைப்பெல்லாம் சோப்பு நுரையைத் தடவினேன். ஒரு குமிழ்கூட வரவில்லை. பேகம்பூரில் இந்த வேலையை என்னைத் தவிர யார் செய்வார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வாய் வைத்து ஒரு தடவை இழுத்துப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. புகையிலை வாடை சாமானிலிருந்து போய்விட்டது, என் மனசிலிருந்துதான் போகவில்லை.

மறுநாள் காலையில் அதை நானே தூக்கிக்கொண்டு போனேன். மோதினார் ஜன்னலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சட்டை தோளில் தொங்கியது. என்னைப் பார்த்ததும் பழைய கிண்டல் கொஞ்சம் எட்டிப்பார்த்தது.

"வா ராணி. எனக்குக் கேஸ்கட் மாத்த வந்துட்டியா?"

"உங்களுக்கு வேணாம், உங்க அத்தா உக்காவுக்கு மாத்தியாச்சு. ஒரு பொட்டுக் காத்து போகாது மோதினார். நான் கேரண்டி."

புதுக் குழாயின் முனையை அவர் கையில் கொடுத்தேன். அக்கா கைகளைக் கோத்துக்கொண்டு கதவோரம் நின்றார். மோதினார் பிஸ்மி சொல்லிவிட்டு வாய் வைத்து இழுத்தார். தண்ணீர் அசையவில்லை. மறுபடி இழுத்தார். கழுத்து நரம்பு புடைத்தது, கண் கலங்கியது, இருமல் வந்தது. மூன்றாவது தடவை நான் செம்பின் மேல் காதை வைத்துக் கேட்டேன். ஒரு சின்னச் சத்தம்கூட இல்லை.

"காத்து வருது" என்றார் அவர், மூச்சு வாங்கிக்கொண்டே. "ஆனா தண்ணியத் தள்ளுற தெம்பு நெஞ்சுல இல்ல. சாமான்ல குறை இல்லைன்னு நீயே சொல்லிட்ட. அப்ப குறை எங்கன்னு தெரிஞ்சுபோச்சு."

"ஒரே நாள்லயா வரும்? நாளைக்கு இழுங்க" என்றார் அக்கா.

"பக்ரு, ஜமாத் செயலாளருக்குப் போன் போடு. நோன்பு வரைக்கும் காத்திருக்க வேணாம், அல் அமீனயே வச்சுக்கச் சொல்லிரு. ராணி, இத எடுத்துட்டுப் போயிரும்மா. என் கண்ணு முன்னாடி வேணாம்."

அவர் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அமைதியாகச் சொன்னார். நான் ஹூக்காவைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கியபோது எனக்கு உலகத்தில் எல்லோர் மேலும் கோபம் வந்தது. நிமோனியா மேல், பந்து கொடுத்தவர்கள் மேல், பரணில் ஏறிய அக்கா மேல். ஒரு மனுஷன் மிச்சம் வைத்திருந்த நம்பிக்கையையும் என் கேரண்டியை வைத்து அடித்துவிட்டு வந்திருக்கிறேனே என்று என் மேல்தான் அதிகமாக வந்தது.

கடைக்கு வந்து அதை மேசையில் வைத்தேன். ஒரு அம்மா மிக்ஸி ஜாரோடு வந்தார், நாளைக்கு வாங்க என்று விரட்டிவிட்டேன். அந்தக் குழாயின் முனை என்னைப் பார்த்துக்கொண்டே கிடந்தது. சனியன், அப்படி என்ன பாரம் இழுக்கச் சொல்கிறாய் என்று நினைத்துக்கொண்டு, கண்ணை மூடி வாய் வைத்து இழுத்தேன்.

தண்ணீர் அசையவில்லை.

இன்னும் பலமாக இழுத்தேன். காற்று தாராளமாக வந்தது, தண்ணீர் சும்மா கிடந்தது. மாதா கோயில் பாட்டுக் குழுவில் என்னை மைக்கிலிருந்து ஆறடி தள்ளித்தான் நிறுத்துவார்கள். எனக்கு நுரையீரலில் ஒரு குறையும் கிடையாது. கழுத்து இணைப்பின் மேல் ஈரவிரலை வைத்துக்கொண்டு மறுபடி இழுத்தேன். விரலில் ஜில்லென்று காற்று பட்டது. காற்று அங்கேதான் உள்ளே போய்க்கொண்டிருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் இத்தனை வருஷமாகக் கையாண்டதெல்லாம் உள்ளேயிருந்து வெளியே தள்ளுகிற சாமான்கள். பம்பு ஸ்டவ் தள்ளும், குக்கர் தள்ளும், பாய்லர் தள்ளும். அதனால் வாஷரின் குழிந்த பக்கத்தை உள்ளே பார்க்கப் போடுவது என் கைக்குப் பழக்கம். உள்ளேயிருந்து தள்ளினால் தோல் விரிந்து சுவரோடு ஒட்டிக்கொள்ளும். சைக்கிள் பம்பை வைத்துத் தள்ளிப் பார்த்து, அடைத்துவிட்டது என்று பூரித்துப்போனேன். ஆனால் இது இழுக்கிற சாமான். இழுத்தால் அதே தோல் சுருங்கிச் சுவரை விட்டு விலகிக் காற்றுக்கு வழி விடும். வாஷரைத் தலைகீழாகப் போட்டிருக்க வேண்டும்.

வேலையைத் தப்பாகச் செய்துவிட்டு அவ்வளவு சந்தோஷப்பட்டது என் வாழ்க்கையில் அன்றைக்குத்தான். தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தேன். வாஷரைத் திருப்பிப் போடக் கையை வைத்தவள், அப்படியே நிறுத்திக்கொண்டேன். இங்கேயே சரிசெய்துகொண்டு போனால் அந்த மனுஷன் நம்பமாட்டார். ஷட்டரைக்கூட இறக்காமல் ஹூக்காவை இடுப்பில் வைத்துக்கொண்டு, எண்ணெய்ப் பாட்டிலோடு ஓடினேன்.

"மோதினார், தப்பு உங்க மேல இல்ல. என் மேல. வாஷர மாத்திப் போட்டுட்டேன்."

அவர் கையை ஆட்டினார். "ஆறுதலுக்குச் சொல்ற."

"நான் ஆறுதல் சொல்ற ஆளா? பத்தொன்பது வருஷமா என்னையத் தெரியும்ல? அக்கா, செயலாளருக்குப் போன் போட்டாச்சா?"

"சார்ஜ் இல்லைன்னு சொல்லிட்டேன்" என்றார் அக்கா. மேசையில் அவர் போன் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது.

"அப்ப இங்க வாங்க. நீங்க இழுங்க."

தெரு முனையில் போகிற காய்கறிக்காரரை வீட்டுக்குள்ளிருந்தே கூப்பிட்டு நிறுத்துகிறவர் பக்ருன்னிசா அக்கா. அவர் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்து, முழு மூச்சாக இழுத்தார். தண்ணீர் அசையவில்லை. இன்னொரு தடவை இழுத்தார், முகம் சிவந்தது, தண்ணீர் அப்படியே இருந்தது.

மோதினார் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

அவர் கண் முன்னாலேயே தண்டை உருவினேன். வாஷரைக் கழற்றிக் குழிந்த பக்கத்தைக் காட்டி, காற்றடித்துச் சோப்பு நுரை போட்டுப் பார்த்து நான் ஏமாந்ததையும் சொன்னேன். அதைத் திருப்பிக் கோத்து, விளிம்பைச் சுற்றி எண்ணெய் தடவி, கழுத்தில் அழுத்தி இறக்கினேன். அக்காவிடம் குழாயை நீட்டினேன். அவர் பழைய வேகத்திலேயே இழுத்தார். செம்பு களகளவென்று பெரிய சத்தம் போட்டது. அக்கா பதறிப்போய்க் குழாயைக் கீழே போட்டுவிட்டார்.

"யா அல்லா, உசுரு வந்துருச்சு" என்றார்.

குழாயின் முனையை வெந்நீரில் கழுவி அவரே மோதினாரின் கையில் கொடுத்தார். இப்போது தண்ணீர் அசையாவிட்டால் சொல்வதற்கு என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை.

அவர் மெதுவாக இழுத்தார்.

களக்.

ஒரே ஒரு குமிழ். அவர் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "இப்ப நாந்தானே இழுத்தேன்?" என்று கேட்டார். தானா அக்காவா என்று சந்தேகம் வந்ததுபோலக் கேட்டார். மறுபடி இழுத்தார். இந்தத் தடவை மூன்று வந்தது. நான் அழுதுவிட்டேன். மறைத்துக்கொள்ளவெல்லாம் தோன்றவில்லை, அழுக்குக் கையாலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

"இப்ப சோப்பு போட்டுப் பாத்தியா?" என்றார் அவர்.

"இப்ப சோப்பு போட்டா நுரை பொங்கும். ஊதுனா ஒழுகும், இழுத்தா அடைக்கும். இதோட குணம் அப்படி. எனக்குத்தான் தெரியல."

"பரவால்ல. பந்து விசயத்துல எனக்கும் ஒண்ணும் தெரியலைல" என்றார்.

அதற்கப்புறம் அந்த வீட்டில் நாளைக்கு மூன்று வேளை செம்பு சத்தம் போட்டது. ஒரே இழுப்பில் சத்தம் எத்தனை எண்ணிக்கை நிற்கிறது என்று அக்கா விரல் விட்டு எண்ணி, கடைப் பக்கம் வரும்போதெல்லாம் எனக்குச் சொல்வார். முதல் வாரம் நாலு. அப்புறம் ஏழு. நடுவில் சளி பிடித்து மறுபடி மூன்றுக்கு இறங்கியது, அன்றைக்கு நானும் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாவது வாரம் பதினொன்று. யுவராணி நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்த்துவிட்டு, அடிப்பக்கம் காற்று போகிறது என்றாளாம். அந்தப் பிளாஸ்டிக் கருவியில் ரெண்டு பந்து மேலே ஏறுகிறது என்பது தனி ரகசியம். யாரும் பார்க்காத நேரத்தில்தான் அதை எடுத்து இழுக்கிறார், வேறு ஆள் வந்தால் துண்டைப் போட்டு மூடிவிடுகிறார் என்று அக்கா சொல்லிச் சிரித்தார்.

பாங்கைப் பற்றி மட்டும் அவர் வாயைத் திறக்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

நோன்புக்கு ரெண்டு நாள் இருந்தது. ஒரு பிரியாணிக் கடையிலிருந்து பெரிய தேக்சாப் பாத்திரம் வந்திருந்தது. லாரியிலிருந்து இறக்கும்போது விழுந்து ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. நோன்புக்கு முன்னால் வேண்டும் என்று உயிரை எடுத்ததால் காலையிலிருந்து தட்டிக்கொண்டிருந்தேன். மதியம் ஆனதே தெரியவில்லை. சுத்தியலை ஓங்கிய நேரம் ஒலிபெருக்கி கரகரத்தது.

க்கும்.

ஓங்கிய கை அப்படியே நின்றது. இரும இரும நான் பயந்துபோய்க் கேட்டிருந்த அதே தொண்டைதான். ஆனால் இது இருமல் இல்லை. மூன்று மாசமாக யாரும் எனக்குத் தராத அந்தக் கனைப்பு. சுத்தியலைச் சத்தம் வராமல் சாக்கின் மேல் வைத்தேன்.

அல்லாஹு அக்பர் என்று அந்தக் குரல் எழுந்தது. முன்பைவிட மெலிந்திருந்தது, ஆனால் அவருடைய குரல்தான். முதல் வரியை நிதானமாகக் கடந்தார். நான் என்னையறியாமல் அவரோடு சேர்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். எதிர்க் கடைக்காரர் கல்லாவிலிருந்து எழுந்து வெளியே வந்து நின்றார். நடுவில் ஒரு நீண்ட வரியில் குரல் அறுந்தது. தெரு காத்திருந்தது. உள்ளே மூச்சு இழுக்கிற சத்தம் மைக்கில் தெளிவாகக் கேட்டது. அப்புறம் அந்த வரியை முதலிலிருந்து எடுத்து முழுசாகச் சொல்லி முடித்தார். கடைசிவரை சொன்னார்.

பள்ளிவாசல் வாசலில் அல் அமீன் நின்றுகொண்டிருந்தான். என்னைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான்.

கொஞ்ச நேரத்தில் அக்காவின் போன் வந்தது.

"கேட்டியா ராணி?"

"கேட்டேங்க்கா."

"நடுவுல ஒரு எடத்துல மூச்சு வாங்கிருச்சு. அவரு வந்து வருத்தப்படுவாரு. என்னத்தச் சொல்லட்டும்?"

"புது வாஷர் முதல்ல அப்படித்தான் இருக்கும்னு சொல்லுங்க. பழகப் பழகத்தான் நல்லாப் பிடிக்கும். நான் கேரண்டி."

அந்தப் பக்கம் அக்கா சிரித்தாரா அழுதாரா என்று தெரியவில்லை. நான் கையைக் கழுவிவிட்டுச் சோற்றுத் தூக்கைத் திறந்தேன்.